கடலோர வீட்டில் நான் மெழுகிய களம்

அந்த வருடம் எங்கள் மலையில் சாமை கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. கொல்லையில் நின்றது எல்லாம் வைக்கோல்தான். மலையைவிட்டு இறங்கி எங்காவது கூலிக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜமுனாமரத்தூர் சந்தையில் தோட்டக்காரரைப் பார்த்தோம்.

அவருக்குச் சொந்த ஊர் படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்தோணியார் கோயில் இருக்கிற ஊர்க்காரர். மெட்ராசைத் தாண்டி, கடலோரத்தில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். லீவில் வரும்போதெல்லாம் புளி வாங்க மலைக்கு ஏறுவார். அப்படித்தான் பழக்கம். என்னைத் தங்கச்சி என்பார். அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு மச்சான்.

"மச்சான், மெட்ராசுக்கு வர்றியா? எங்க ஐயா வூட்டுக்குப் பின்னால தரை ஒண்ணு போடணும். அந்த ஊரு ஆளுங்க ஒரு நாள் வந்தா மூணு நாள் வர்றதில்ல."

"இன்னா தரை? வூடு கட்டறாரா?"

"வூடு இல்ல. பந்து வெளயாட."

"புள்ளைங்களுக்கா?"

"அவருக்கேதான். ரிட்டயர் ஆயிட்டாரு."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ரிட்டயர் ஆன மனுசன் பந்து வெளயாடுவாரா?"

"ஓட மாட்டாரு. நின்ன எடத்துல நின்னு குச்சியால தட்டுவாரு. பந்து உருண்டு போய்க் குழியில வுழணும். அவ்ளோதான்."

"வுழுந்தா?"

"எடுத்துட்டு மறுபடியும் தட்டுவாரு."

"கொடுத்து வெச்ச மனுசன்டா சாமி."

நான் என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான். நாலாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் வெளியாள் முன்னால் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச வராது. யாராவது கேள்வி கேட்டால் கால் கட்டைவிரல் தானாகத் தரையைக் கீறும்.

இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். பங்களாவைச் சுற்றிலும் தென்னை, அதற்கு அப்பால் சவுக்கு வேலி, அதற்கும் அப்பால் கடல். எங்களுக்குச் சவுக்கு வேலி ஓரத்தில் தகரக் கொட்டகை கொடுத்தார்கள். தோட்டக்காரர் குடும்பத்துக்குப் பின்பக்கம் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. அவர், அண்ணி, இரண்டு பெண்பிள்ளைகள். வேலையில் இருக்கும்வரை அந்த வீடு அவர்களுக்கு. பெரியவள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் ஒன்பதாவது படித்தாள். ஐயா வீட்டு அம்மாதான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

"இவ பத்தாவது முடிச்சிட்டா நர்ஸ் படிப்புக்கு அம்மாவே சேத்து வுடுறேன்னு சொல்லிக்கீறாங்க," என்று அண்ணி முதல் நாளே என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வாள். அந்தப் பெண் சாயங்காலம் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து இங்கிலீஷில் சத்தமாகப் படிக்கும். அண்ணிக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் பாத்திரம் தேய்க்கிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஐயா கப்பல் கம்பெனியில் பெரிய வேலை பார்த்தவர். வெளிநாட்டில் இருந்து பிளாஸ்டிக் புல் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். பெரிய பாய் மாதிரி சுருட்டி, கார் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் ஓரத்தைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. மோந்து பார்த்தால் புது பக்கெட் வாசனை.

"இத்த மாடு தின்னுமா?" என்று ராத்திரி சோற்றின்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"தின்னா ஐயா மாட்டத் தின்னுடுவாரு," என்றார்.

வேலை இதுதான். ஒரு கல்யாணப் பந்தல் அளவு இடத்தில் முக்கால் முழம் மணலைத் தோண்டி எடுக்க வேண்டும். அதில் ஜல்லி கொட்ட வேண்டும். ஜல்லி மேல் கல்தூள் கொட்டித் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து அமுக்க வேண்டும். அதன்மேல் புல்லை விரித்து ஓரத்தை ஒட்ட வேண்டும். மூன்று இடத்தில் தரைக்குள் தகரக் குவளை புதைக்க வேண்டும், பந்து விழுவதற்கு. புல்லோடு வந்த காகிதத்தைப் பார்த்து ஐயா தோட்டக்காரருக்குச் சொல்வார். அவர் எங்களுக்குச் சொல்வார். ஏன் ஜல்லி, ஏன் தூள் என்று ஐயாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கல்தூள் அமுக்கி முடித்த அன்று ஐயா ஒரு பந்தை உருட்டிப் பார்த்தார். அது கோழிக்குஞ்சு மாதிரி தத்தித் தத்திப் போய் எங்கோ திரும்பிவிட்டது. ஐயா நாக்கால் 'ச்சு' கொட்டினார்.

"நான் பம்பாய் போய்ட்டு வர பத்து நாளாகும். அதுக்குள்ள இதைச் சரிபண்ணி, புல்லையும் விரிச்சு முடிச்சிடு. பந்து கண்ணாடி மேல போற மாதிரி போகணும். புரிஞ்சுதா?"

"சரிங்க ஐயா," என்றார் தோட்டக்காரர்.

ஐயா போன பிறகு மூன்று நாள் ரோலர் இழுத்தார்கள். என் வீட்டுக்காரரின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பந்து தத்துவது நிற்கவில்லை. தோட்டக்காரர் குந்தி உட்கார்ந்து கல்தூளைக் கையால் தடவித் தடவிப் பார்ப்பார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அண்ணி வேறு, "ஐயா வந்து இன்னா சொல்லப் போறாரோ மாதாவே," என்று புலம்பினாள்.

அப்போதுதான் எனக்குக் களத்தின் ஞாபகம் வந்தது.

எங்கள் மலையில் சாமை அறுப்புக்கு முன் களம் போடுவோம். புல்லைச் செதுக்கி, தண்ணீர் விட்டு மிதித்து, கட்டையால் தட்டி, களிமண்ணும் சாணமும் கரைத்து மெழுகுவோம். சாமை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. தரையில் ஒரு கீறல் இருந்தாலும் உள்ளே போய்விடும். அதனால் ஒன்றுமே கீழே இறங்காதபடி மெழுக வேண்டும். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொரு பூச்சு. எங்கள் ஊரில் என் கை மெழுகல் நன்றாக இருக்கும் என்பார்கள். பேச வராத எனக்கு அது ஒன்றுதான் பேர்.

"களம் மாதிரி மெழுகி வுட்டா இன்னா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கும். அந்தாளு கிட்ட கேளு."

"நீயே கேளு. எனக்கு வராது."

அவரும் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டக்காரர் குடும்பத்தோடு பூசைக்குப் போய்விட்டார். அங்கிருந்து சொந்தக்காரர் வீட்டு விருந்து, சாயங்காலம்தான் வருவார். தென்னங்கன்று வைக்க ஏரிக் களிமண் ஒரு வண்டி கொட்டி வைத்திருந்தார்கள். சாணம் பக்கத்து மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது. காலையில் ஆரம்பித்தேன். கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் பூச்சு உடனுக்குடன் காய்ந்தது. மதியத்துக்குள் இரண்டு கை பூசிவிட்டேன். சாயங்காலத்துக்குள் மூன்றாவது. ஒவ்வொரு குவளையின் அடியிலும் ஒரு ஓட்டை இருந்தது. இவ்வளவு பெரிய பணக்காரர் ஓட்டைக் குவளையை வாங்கி வந்திருக்கிறாரே என்று நினைத்து, அதையும் களிமண் உருட்டி அடைத்தேன்.

தண்ணீர் இறங்குவதற்கென்றே வைத்த ஓட்டை அது. ஜல்லியும் தூளும்கூட அதற்குத்தான். இன்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் களம் என்பது மழை எல்லாம் ஓய்ந்த பிறகு போடுவது. தூற்றி முடித்து மூட்டை கட்டினால் அதன் வேலை முடிந்தது. அடுத்த மழையில் கரைந்து போகும், யாரும் கவலைப்பட மாட்டோம். களம் நனையும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

தோட்டக்காரர் திரும்பி வந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார்.

"இன்னாம்மா இது?"

நான் தென்னை மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "உன் தங்கச்சி வேலதான். பந்த உருட்டிப் பாரு மச்சான்."

"ஐயா ஜல்லி, தூள், அவ்ளோதான சொன்னாரு? சாணின்னு காகிதத்துல இல்லியே."

"காகிதம் எழுதனவன் களத்தக் கண்டானா? உருட்டிப் பாரு."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அவருக்கும் களம் தெரியும் அல்லவா, செருப்புக் காலோடு யாரும் ஏற மாட்டார்கள். பந்தை மெதுவாகத் தட்டினார். தண்ணீர் ஓடுகிற மாதிரி போய்க் குவளைக்குள் விழுந்தது. இன்னொரு பந்து. அதுவும் விழுந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "ஏய், இங்க வந்து பாருடி," என்று அண்ணியைக் கூப்பிட்டார். அவள் உடுப்பு மாற்ற உள்ளே போயிருந்தாள், வரவில்லை.

"சரி, வுடு. நல்லாத்தான் கீது. ஐயா வர்றதுக்குள்ள விரிச்சிடலாம். இத்த பத்தி எவன்கிட்டயும் பேச வேணாம்."

மறுநாளே புல்லை விரித்து ஒட்டிவிட்டோம். அண்ணி பார்க்கும்போது பச்சைதான் இருந்தது.

ஐயா வந்தார். பந்தைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். இருட்டுகிற வரைக்கும் தட்டினார். தோட்டக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்து, "வெளிநாட்டுல கூட இப்படி இல்லைய்யா," என்றார். கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எங்களை ஊருக்கு அனுப்பாமல் வேலி கட்டுகிற வேலை கொடுத்து வைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழை வந்தது. கடற்கரை மழை எங்கள் மலை மழை மாதிரி இல்லை, படுக்கை போட்ட மாதிரி நாள்கணக்கில் பெய்தது. சுற்றிலும் மணல் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டது. புல்லுக்கு அடியில் மட்டும் தண்ணீர் நின்றது. நாலாம் நாள் புல் அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பியது. ஐந்தாம் நாள் நாற்றம் எழுந்தது. தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வெயில் அடித்தால் காய்ந்துவிடும் என்றார் அவர். அப்படித்தான் நாங்கள் இருவரும் நம்பினோம்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐயாவுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வெள்ளைக் கால்சட்டை போட்ட நாலு பெரிய மனிதர்கள். முதலில் ஏறியவர் காலை வைத்ததும் 'பொளக்' என்று சத்தம் கேட்டது. ஓரத்தில் இருந்து பச்சையும் கறுப்புமாகச் சாணித் தண்ணீர் பீய்ச்சி, பக்கத்தில் நின்றவர் முழங்கால் வரைக்கும் அடித்தது. ஒருவர் சிரித்தார். ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டு மாடு ஏதாவது இதைப் பாத்ரூமா வச்சிருக்கா?" என்று கேட்டார். ஐயாவின் முகம் சிவந்துவிட்டது.

அவரே குனிந்து புல்லின் மூலையைப் பிய்த்தார். அடியில் கொழகொழவென்று சாணி. புழு நெளிந்தது.

"யாரு வேலை இது?"

தோட்டக்காரர் சவுக்கு வேலி ஓரத்தில் மண்வெட்டியோடு நின்ற எங்களை ஒருமுறை பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. நான் சொல்கிறேனா என்று பார்த்தார், அவ்வளவுதான். என் தலை குனிந்துவிட்டது. கட்டைவிரல் மண்ணைக் கீற ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமலே, "வாயத் தொறக்காதமே," என்றார்.

"நான்தாங்க ஐயா," என்றார் தோட்டக்காரர். "பந்து நல்லாப் போகும்னு..."

"இடியட்! புல்லுக்கு எருப் போட்டியா? பிளாஸ்டிக்குக்கு எருப் போட்டியா நீ?"

விருந்தாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் காலைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் ஐயா.

அன்று மத்தியானம் நான் துவைக்கிற கல்லடியில் இருந்தேன். வீட்டு அம்மா தனியாக வந்தார்கள். எங்களைப் போன்றவர்களிடம் அதிகம் பேசாதவர்கள், என் பக்கத்திலேயே வந்து நின்றார்கள்.

"ஏம்மா, நீ மலைக்காரி. உனக்குத் தெரியாம இருக்காது. அவன் இத்தனை வருஷமா இங்க இருக்கான், சொன்ன வேலையத் தவிர ஒண்ணு கூடுதலாச் செய்ய மாட்டான். அவன் செஞ்ச மாதிரி எனக்குத் தோணல. நிஜத்தைச் சொல்லு. தெரியாம நடந்ததுன்னா நான் ஐயாகிட்டப் பேசி அவனை இருக்க வைக்கிறேன். அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒண்ணரை வருஷப் படிப்பு இருக்கு."

கையில் சோப்பு நுரையோடு நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'நான்தாங்கம்மா.' எங்களை என்ன செய்திருப்பார்கள்? ஊருக்குப் போ என்றிருப்பார்கள். எப்படியும் போகிற ஊர்தான். எங்களுக்கு மலையில் வீடு இருந்தது, கொல்லை இருந்தது. இழப்பதற்கு அந்தப் பங்களாவில் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. இதையெல்லாம் அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று பேச வேண்டுமே என்பது மட்டும்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்கம்மா," என்றேன்.

அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

காலையில் அண்ணியின் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட நான்தான் உதவினேன். பெரிய பெண் தன் புத்தகங்களைத் தனியாக ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தாள். ஊரில் அவர்கள் கிராமத்துப் பள்ளி எட்டாவதோடு சரி. அண்ணி அழவில்லை, புருஷனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "இருந்து இருந்து புத்தி போச்சே பாரு. சாணியக் கொண்டுபோய்த் தடவிக்கீதே இந்த மனுசன்!" அவர் கட்டிலைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். புறப்படும்போது எங்களிடம், "வர்றேன் மச்சான். வர்றேன்மா," என்று சிரித்த முகமாகவே சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஒரு மாதத்தில் நாங்களும் மலைக்குத் திரும்பிவிட்டோம். அடுத்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. அறுப்பு வந்ததும் களம் போடக் கூப்பிட்டார்கள். கை வலி என்று சொல்லிவிட்டேன். தோட்டக்காரர் அதற்குப் பிறகு புளிக்காக மலைக்கு வரவில்லை. நான் அந்தப் பேச்சை எடுத்தால் என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்.

ஐந்தாறு வருடம் கழித்து, தைரியம் என்று சொல்ல மாட்டேன், மனசு தாங்காமல் ஒரு நாள் தனியாகப் பஸ் ஏறிப் படவேட்டுப் பக்கம் போனேன். ஊர் பேர் தெரியும், கோயில் தெரியும். விசாரித்துப் போய் நின்றேன். ரோட்டோரத்துக் கூரை வீடு. அண்ணி வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்டி கீறம்மா? இன்னா இப்டி எளைச்சிட்ட? உக்காரு, உக்காரு."

தண்ணீர் கொடுத்தாள். பெரியவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கலசப்பாக்கத்தில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், புருஷன் லாரி ஓட்டுகிறான் என்றாள். ஊருக்கு வந்த மறு வருடமே கட்டிக்கொடுத்துவிட்டார்களாம்.

"படிப்பு?" என்று கேட்டேன்.

"எங்க படிப்பு? அதான் எங்க வூட்டுச் சாணிக்காரன் கெடுத்தாரே." அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஊரே அப்டித்தான் கூப்புடுது இப்ப. நான்தான் ஆரம்பிச்சேன். அப்ப வந்த கோவத்துல."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்லுவாரு? சிரிச்சிக்குவாரு. கரும்புக் கொல்லையில தண்ணி கட்டப் போய்க்கீறாரு."

அவர் அவளிடம்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணி, அது நான்," என்றேன். தலையைத் தூக்காமலேதான் சொன்னேன். "நீங்க பூசைக்குப் போன அன்னிக்கு நான்தான் மெழுகினேன். அண்ணன் இல்ல. அம்மா வந்து கேட்டாங்க, அப்பவும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

கடலை உரிக்கிற சத்தம் நின்றது. ரோட்டில் ஒரு பஸ் போனது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, உரித்த தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்து கேட்டாங்களா?"

"ஆமா அண்ணி. இருக்க வைக்கிறேன்னு சொன்னாங்க."

"ஏன் சொல்லல?"

கூச்சம் என்று எப்படிச் சொல்வது? வீடு போன ஒருத்தியிடம், பெண்ணின் படிப்பு போன ஒருத்தியிடம், எனக்குப் பேசக் கூச்சமாக இருந்தது என்று சொல்ல முடியுமா?

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ஒரு வார்த்த சொல்லலியே அந்தாளு," என்றாள். "இத்தினி வருசம் சோறு போடறப்பல்லாம் சாணிக்காரன், சாணிக்காரன்னு... அந்தாளு மூஞ்சியில நான் இன்னான்னு முழிப்பேன்?" மடியில் இருந்த கடலைத் தோல் எல்லாம் கீழே சிந்த எழுந்தாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. கரும்புக் கொல்லைப் பக்கம் போக ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு ஓட்டமாகப் போனாள்.

நானும் அவள் பின்னால் ரோட்டு முனை வரைக்கும் போனேன். அங்கிருந்து கொல்லை தெரிந்தது. அவர் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. அண்ணி வரப்பில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். இங்கே ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைத் தெரிந்ததோ என்னவோ, கையைத் தூக்கி வா என்பதுபோல அசைத்தார்.

நூறு அடி நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். வரப்பு அகலமாகத்தான் இருந்தது. மலைக்குப் போகிற பஸ் வந்து நின்றது, நான் ஏறிவிட்டேன்.